எல்லாம் ஷீட்டில் இருக்கு

ஆரணி,
ஆடி மூன்றாம் வெள்ளி, ராத்திரி

அன்புள்ள நெட்டச்சிக்கு,

குட்டச்சி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் நீயே போட்டுக்கொள்.

போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். எங்கள் வீடுதான் உனக்குத் தெரியுமே, கூடத்தில் தறி. தறி ஓடினால் நான் பேசுவது உனக்குக் கேட்காது, தறி நின்றால் தெருவுக்கே கேட்கும். இன்றைக்குச் சொல்லப்போகிற சங்கதி என் மாமியார் காதில் விழுந்தால், விடியற்காலை தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கி, வெயில் வருவதற்குள் கோட்டை மைதானம் வரை போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

முதலில் சூடான செய்தி. போன புதன்கிழமை யாரைப் பார்த்தேன் தெரியுமா? கத்தரியை! நம் பழைய வார்டு கத்தரி சிஸ்டரை! தம்பி வீட்டில் பட்டு எடுக்க வந்திருந்தார். பேத்திக்கு மஞ்சள் நீராட்டாம். முட்டி இரண்டும் போய்விட்டது, பாயில் உட்கார முடியாமல் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. ஆனால் அந்தக் குரல் மட்டும் அப்படியே. "ஜரிகையைத் திருப்பிக் காட்டு" என்று தம்பியை அதட்டியதைக் கேட்டதும், இருபது வருஷம் கழித்தும் நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றேனடி! வெட்கம். அவர் உன்னைப் பற்றி ஒன்று சொன்னார். அதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை நீ படிக்க மாட்டாய்.

அவர் செய்ததெல்லாம் உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் திரும்பச் சொல்வதில் ஒரு சுகம். உனக்குத் தொடர்ந்து பதினாலு நைட்டு போட்டது. அக்கா கல்யாணத்துக்கு ஆஃப் கேட்டபோது, "கல்யாணம் அக்காவுக்குத்தானே, உனக்கா?" என்றது. ஓ.டி.யில் கத்தரி ஒன்று கணக்கில் குறைகிறது என்று உன்னை மட்டும் மத்தியானம் முழுக்க நிற்க வைத்தது, கடைசியில் அந்தக் கத்தரி ஆட்டோகிளேவ் டிரம்முக்குள்ளேயே கிடந்தது. அவர் கையில் தெர்மாமீட்டர் உடைந்தால் கை தவறியது, நம் கையில் உடைந்தால் சம்பளப் பிடித்தம். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். எல்லாவற்றுக்கும் மேலே ஷிஃப்ட் முடிந்ததும் அவர் ஹேண்டோவர் கொடுக்கிற அழகு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் ஷீட்டில் இருக்கு. கண்ணு தெரியுதுல்ல?" அவ்வளவுதான். போய்விடுவார். ஷீட்டில் பாதி இருக்காது. அந்தப் பாதிக்காக ராத்திரி முழுக்க நாம் இரண்டு பேரும் நடுங்கியிருக்கிறோம்.

இப்போது எங்கள் வார்டு கதை. ஆறு மாசத்துக்கு முன்னால் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. நர்சிங். அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர், அந்த முதுகை ஒடித்துப் படிக்கவைத்திருக்கிறார். வந்த முதல் வாரமே எங்கள் இன்சார்ஜ் அம்மா டிரஸ்ஸிங் டிரேயைத் தொட்டபோது, "மேடம், கை கழுவலையே" என்று சொல்லிவிட்டாள். முடிந்தது. அன்றைக்கே பேர் வைத்தாயிற்று: யுனிவர்சிட்டி. "ஏ யுனிவர்சிட்டி, மூணாம் பெட்டுக்கு பெட்பேன் வை." "இதெல்லாம் யுனிவர்சிட்டியில சொல்லித் தரலியா?" அவளைத் தவிர நாங்கள் எல்லாரும் ஜி.என்.எம். டிகிரியைக் கண்டால் டிப்ளமோவுக்கு ஒரு எரிச்சல் இருக்கத்தான் செய்கிறது. நீயும் இங்கிலாந்து போய் டிகிரி முடித்தவள்தான், உன்னைச் சொல்லவில்லை.

யாரும் அவளை அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதுதானே இதில் சாமர்த்தியமே. மத்தியானம் டப்பா திறக்கும்போது டிரஸ்ஸிங் ரூமில் வட்டம் கட்டிவிடுவோம், அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் வென்ஃப்ளான் போட நரம்பு தேடும்போது இரண்டு பேர் கதவோரம் போய் நிற்பார்கள். சும்மா நின்றால் போதும், அவள் கை நடுங்கும். நடுங்கியதும் ஒருத்தி புருவத்தை இன்னொருத்தி பார்ப்பாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எக்ஸ்ரே எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் எங்கே வைத்தோம் என்று அவளுக்கு மட்டும் சொல்லியிருக்க மாட்டோம். அப்புறம் டூட்டி லிஸ்ட். அந்த ஒரு தாள் போதும் ஒருத்தி உயிரை எடுக்க. மூன்று வாரத்தில் பதினோரு நைட்டு அவளுக்கு. இன்னும் ஆடியே முடியவில்லை, தீபாவளி நைட்டுக்கு அவள் பேர் எழுதியாயிற்று.

"கட்டிவிடுவோம்", "சொல்லியிருக்க மாட்டோம்" என்று எழுதியிருக்கிறேன் பார்த்தாயா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

லீட்ஸில் ஏதோ ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு நீ அனுப்பினாயே ஒரு பேப்பர் கட்டு, அதை மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஜூடித் மைஸ்னர் என்கிறவள் 1986-லேயே அமெரிக்க நர்சிங் பத்திரிகையில் கேட்டுவிட்டாளாமே, நம் குட்டிகளை நாமே தின்கிறோமா என்று. அந்தப் பேச்சு உலகமெல்லாம் சுற்றிவிட்டது, நமக்குத்தான் நீ அனுப்பித் தெரிகிறது. படித்தபோது எங்கள் திண்ணைக்குக் கீழே குட்டி போட்ட பூனை ஞாபகம் வந்தது. இரண்டு குட்டியைத் தின்றுவிட்டது. நான் "ச்சீ, இதுவும் ஒரு தாயா" என்றேன். மாமியார் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தெருப் புள்ளைங்க நாலு பேரு மாத்தி மாத்தி எட்டிப் பாத்தா அது இன்னாதாண்டி பண்ணும்?"

எனக்கு அந்தக் கட்டில் பிடித்தது சூசன் ராபர்ட்ஸ் எழுதியதுதான். 1983. பிரேசிலில் குடியானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பாவ்லோ ஃப்ரெய்ரே ஒன்றைக் கவனித்தாராம்: மேலே இருப்பவன் அமுக்கினால் கீழே இருப்பவன் மேலே திருப்பி அடிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான். நர்சுகள் ஒருத்தியை ஒருத்தி கடிப்பதும் இதேதான் என்கிறாள் ராபர்ட்ஸ். இதைத் தெரிந்துகொள்ள நான் பிரேசில் போக வேண்டாமடி. எங்கள் அப்பா சேலையை அறுத்து மடித்து முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓரத்தில் ஒரு இழை விட்டிருக்கிறது என்று கூலியில் பிடிப்பார். அப்பா வாய் திறக்க மாட்டார், அடுத்த பாவு அந்த வீட்டிலிருந்துதானே வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும், "தார் ஒழுங்கா சுத்தினாத்தானே" என்று அம்மா மேல் பாய்வார். அம்மா, தறியில் கூட உட்காரும் தம்பி முதுகில் ஒன்று வைப்பாள். தம்பி என் பின்னலை இழுப்பான். நான் வெளியே போய், பாண்டி ஆடுகிற அடுத்த வீட்டுக்காரியின் சில்லைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிவேன். முதலாளி சொன்ன ஒரு வார்த்தை சாக்கடையில் போய் விழ அரை மணி நேரம்கூட ஆகாது.

வார்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பெரிய டாக்டர் நோயாளி சொந்தக்காரர்கள் முன்னாலேயே இன்சார்ஜ் அம்மாவை "உங்களுக்கெல்லாம் யாரு சர்ட்டிஃபிகேட் குடுத்தது" என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். ரவுண்ட்ஸ் முடிந்து பத்தாவது நிமிஷம் யுனிவர்சிட்டிக்கு விழும். யுனிவர்சிட்டி பாவம், அவளுக்குக் கீழே ஆயாம்மா மட்டும்தான், ஆயாம்மாவைத் திட்ட அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அந்த டாக்டரே ஒரு நாள் எங்களைப் பார்த்து, "பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில், சார், எங்க தெருத் தறிக்காரங்க எல்லாம் ஆம்பளைங்கதான், வந்து பாருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவரிடம் சொல்லாமல் போனதை அன்றைக்குச் சாயங்காலம் யார்மேல் இறக்கினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

கவர்மென்டில் இது வேறு மாதிரி. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கில் நர்சுகளை எடுத்தார்களே, தொகுப்பூதியம் மாசம் 7,700 என்று. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பி எத்தனை பேர் தனியார் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள்! ஒரே வார்டு, ஒரே ஷிஃப்ட், ஒரே ஊசி, பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஸ்டாஃபுக்குப் பல மடங்கு சம்பளம். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது டிவியில் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நம் பேட்ச்சில் நிரந்தரம் ஆன மகராசி ஒருத்தி, பேர் வேண்டாம், நீயே கண்டுபிடித்துவிடுவாய், குரூப்பில் போட்டாள்: "இவங்க தெருவுல உக்காந்து நம்ம மரியாதையைக் கெடுக்கறாங்க." நம்ம மரியாதையாம்! மேலே இருக்கிறவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு விதமாகச் சம்பளம் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சத்தை நாமே கவனித்துக்கொள்கிறோம்.

தனியார் பக்கத்துச் சம்பளத்தைக் கேட்கவே கேட்காதே. நர்சுகள் சங்கம் போட்ட வழக்கில் 2016-ல் உச்சநீதிமன்றம் சொல்லி ஒரு குழு உட்கார்ந்து, ஐம்பது படுக்கைக்குக் கீழே இருக்கிற ஆஸ்பத்திரியில்கூட மாசம் 20,000-க்குக் குறையக்கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளை என் சம்பளக் கவர் இன்னும் படிக்கவில்லை.

இரு, நடுவில் ஒரு வம்பு. பெரிய இடத்து வம்பு. மே 12 வந்தால் மெழுகுவத்தி பிடித்து உறுதிமொழி எடுக்கிறோமே, நம் விளக்கம்மா ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், அவரும் லேசுப்பட்டவர் இல்லை! 1854-ல் முப்பத்தெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு துருக்கியில் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனாரா, சில வாரம் கழித்து அவருடைய சிநேகிதி மேரி ஸ்டான்லி இன்னும் நாற்பது சொச்சம் பேரோடு வந்து இறங்கியிருக்கிறாள். உதவிக்கு ஆள் வந்தது என்று சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், என்னைக் கேட்காமல் யார் அனுப்பியது, நான் ராஜினாமா செய்கிறேன் என்று மந்திரிக்குக் கடிதம். சிநேகிதம் அதோடு போச்சு. அந்தக் கும்பலில் வந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரீ மதர் பிரிட்ஜ்மன், நான் என் சகோதரிகளுக்குத்தான் தலைவி, உங்களுக்குக் கீழே இல்லை என்று நின்றாராம். அவருக்கு நைட்டிங்கேல் வைத்த பட்டப்பேர் 'மதர் பிரிக்பேட்', அதாவது செங்கல் துண்டு! கத்தரி, யுனிவர்சிட்டி, செங்கல். பட்டப்பேர் வைக்கிற பழக்கம் நம்மோடு வந்ததில்லை போல.

இன்னொன்று கேள். மேரி சீக்கோல் என்று ஜமைக்காவில் பிறந்த கறுப்பம்மா. வைத்தியம் தெரிந்த கை. லண்டனில் நர்சு வேலைக்குக் கேட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. சொந்தக் காசில் கப்பலேறிப் போய் பாலக்லாவா பக்கத்தில் ஒரு விடுதி வைத்துச் சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டாள். அவளைப் பற்றி 1870-ல் நைட்டிங்கேல் தன் தங்கை, இல்லை, அக்கா புருஷனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சிப்பாய்களிடம் அன்பாக இருந்தாள், கொஞ்சம் நல்லதும் செய்தாள், ஆனால் அங்கே குடி, ஒழுக்கம் சரியில்லை, என் நர்சுகளை அவளோடு சேரவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது என்கிற பாணியில். கடிதத்தின் தலையில் என்ன எழுதினார் தெரியுமா? எரித்துவிடு என்று. எரிக்கவில்லை பார், இன்றைக்கு ஆரணியில் நான் உட்கார்ந்து உனக்குச் சொல்கிறேன். நீயாவது கிழித்துப் போடு.

மார்த்தா கிரிஃபின் பேப்பரும் படித்தேன், அதில்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இருபத்தாறு நர்சுகளுக்குச் சின்னச் சின்ன அட்டை கொடுத்து, ஐ.டி. கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். 2004-ல் வந்த பேப்பர். யாராவது புருவத்தைத் தூக்கினால் என்ன பதில் சொல்வது, பாதி தகவல் கொடுத்தால் என்ன கேட்பது என்று முன்னாடியே வாயில் உருப்போட்டுக்கொள்வதாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னிடம் ஏதோ சொல்ல நினைக்கிற மாதிரி தெரிகிறது, நேராகவே சொல்லலாம், என்கிற மாதிரி. எங்கள் இன்சார்ஜ் அம்மாவிடம் யுனிவர்சிட்டி இதைச் சொல்வதாக நினைத்துப் பார். "மூஞ்சியைப் பாத்து என்னாடி தெரியுது, ஜோசியம் பாக்கிறியா?" தீபாவளியோடு பொங்கலும் போயிருக்கும். ஆனால் அங்கே கேட்டவர்களிடம் எதிராளி நிறுத்திக்கொண்டாளாம். கேட்க வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தாலே பாதி பயம் போகும் என்பது எனக்கும் புரிகிறது. நமக்கு அந்த வயசில் ஒரு வாக்கியமும் இல்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதுதான் இருந்தது.

அதே பேப்பரில், நர்சுகள் ஒருவரை ஒருவர் படுத்துகிற வழிகள் என்று பத்து போட்டிருக்கிறார்கள். முதலில் புருவம் தூக்குவது, முகம் சுளிப்பது. தகவலை மறைப்பது உண்டு. முதுகுக்குப் பின்னால் பேசுவது, நம்பிச் சொன்னதை வெளியே விடுவது, இரண்டும் உண்டு. இந்த இரண்டைப் படித்தபோது பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். நீயும் நானும் இருபது வருஷமாக எழுதிக்கொள்வதில் வேறென்ன இருக்கிறது, சொல்லு? அதை விட்டால் கடிதத்தில் சமையல் குறிப்புதான் மிஞ்சும்.

சிரிப்பு போதும். நம் மாநிலத்தில் இதற்குப் பாதிச் சட்டம் இருக்கிறது தெரியுமா? 1996-ல் சிதம்பரத்தில் நாவரசு என்கிற மெடிக்கல் ஸ்டூடன்டை சீனியர் கொன்றானே, நாம் அப்போது பள்ளிக்கூடம், வீட்டில் அப்பா பேப்பரை ஒளித்து வைத்தார். அந்தப் பையன் போனதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் போட்டது. இரண்டு வருஷம் வரை ஜெயில். சட்டம் இருந்தும் எல்லா இடத்திலும் நின்றுவிடவில்லை, பக்கத்துக் கேரளாவில் 2025 பிப்ரவரியில் கோட்டயம் கவர்மென்ட் நர்சிங் காலேஜில் மூன்றாம் வருஷப் பையன்கள் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். ஜூனியர்களைக் கட்டிப்போட்டுக் காம்பஸால் குத்தியிருக்கிறார்கள், மாசக்கணக்கில். நர்சிங் படிக்கிற கை! இருந்தாலும் காலேஜுக்குள் என்றால் போலீஸ் வருகிறது, பேப்பரில் வருகிறது. அதே பிள்ளை படிப்பை முடித்து வார்டுக்குள் கால் வைத்ததும் அது ராகிங் இல்லை, டிரெயினிங். நோயாளியின் மச்சான் நம்மை அடித்தால் 2008 சட்டம் இருக்கிறது. எவனாவது கையைப் பிடித்து இழுத்தால் 2013 சட்டம் இருக்கிறது. டூட்டி லிஸ்ட்டை வைத்து அடித்தால் எந்த நம்பருக்குப் போன் போடுவது? உங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதையெல்லாம் போய்ச் சொல்லவென்றே ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்றாய். அவரிடம் நிஜமாகவே யாராவது போய்ச் சொல்கிறார்களா? சொன்ன பிறகு என்ன ஆகிறது? அதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது, பூசி மெழுகாமல்.

சரி. சுற்றிச் சுற்றி வருகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கு ஈவ்னிங், யுனிவர்சிட்டிக்கு நைட்டு. ஏழாம் பெட்டில் அடுத்த தெருத் தறிக்காரர், அறுபது வயசு, சர்க்கரை, காலில் புண். ஏழரைக்கு அவருக்கு இன்சுலின் போட்டேன். ஷீட் அப்போது டாக்டர் ரூமில் இருந்தது, வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்றைக்கு அவள்மேல் எனக்கு ஒரு கடுப்பு. காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். முந்தின நாள் ஒரு பாட்டிக்கு நான் மூன்று தரம் குத்தியும் நரம்பு கிடைக்காததை அவள் ஒரே தரத்தில் போட்டுவிட்டாள், பாட்டி அவள் தலையைத் தடவி "மகராசியா இரு" என்றாள். அவ்வளவுதான் காரணம். எட்டு மணிக்கு அவள் நோட்டோடு வந்து நின்றாள். நான் பையை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "எல்லாம் ஷீட்டில் இருக்கு. கண்ணு தெரியுதுல்ல?"

அதே வார்த்தை. அதே இழுப்பு. ஆட்டோ ஏறும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

எட்டேகாலுக்கு அவள் ஷீட்டைப் பார்த்திருக்கிறாள், டிக் இல்லை. இன்சுலினை எடுத்துக்கொண்டு பெட்டுக்குப் போயிருக்கிறாள். சட்டையைத் தூக்கச் சொன்னதும் அந்த மனுஷர், "யம்மா, இப்பத்தானே அந்தம்மா வயித்துல போட்டுட்டுப் போச்சு" என்றிருக்கிறார். அவர் தூங்கியிருந்தால்? அரைத் தூக்கத்தில் சட்டையைத் தூக்கியிருந்தால்? ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், தூங்குகிறார் என்று நினைத்து விட்டிருப்பார்கள். எட்டரைக்கு எனக்குப் போன். "மேடம், ஏழாம் பெட்டுக்கு ஈவ்னிங் டோஸ் குடுத்துட்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். "குடுத்தாச்சு" என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். என் மாமியார் சோறு போட்டுவைத்திருந்தாள். கை கழுவப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கிறதை நீ பார்த்திருக்கிறாய். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாகப் பழைய நுனியோடு திரித்து முறுக்குவார்களே, மாமியார் அந்தக் காலத்தில் அதில் கெட்டிக்காரி. பிணைக்கிறபோது வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடக்கூடாது என்பாள். ஒரு இழை விட்டால் சேலை நீளத்துக்கும் கோடு ஓடும் என்பதற்காகத்தான் சொல்வாள். எனக்கு இத்தனை வருஷமாக அது வெறும் சாஸ்திரமாகத்தான் தெரிந்தது.

அந்தப் பெண் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதே, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் யார் மாட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு காரியம் செய்தாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பெட் நம்பர், மருந்து, நேரம் என்று கோடு போட்டு, ஹேண்டோவர் முடிந்ததும் நீட்டுகிறாள்: "இதுல ஒரு சைன் போட்டுடுங்க மேடம்." வார்டே கொந்தளித்துவிட்டது. "எங்களையே கையெழுத்துக் கேக்குறாளா?" இன்சார்ஜ் அம்மா நோட்டை வாங்கி அலமாரி மேல் எறிந்துவிட்டார். அடுத்த நாள் வேறொரு நோட்டு. அடுத்த லிஸ்ட்டில் இன்னும் இரண்டு நைட்டு கூடியது.

நான் போட்டேன். முதல் கையெழுத்து என்னுடையதுதான், நீலப் பேனாவில், நேரத்தோடு. அதற்குப் பிறகு டிரஸ்ஸிங் ரூம் வட்டத்தில் நான் உள்ளே போனாலும் பேச்சு நின்றுவிடுகிறது. இன்சார்ஜ் அம்மாவிடம் போய் அவள் நைட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைக்கிறேன். இரண்டு தரம் அவர் மேஜை வரைக்கும் போய், காட்டன் இன்டென்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆவணியில் தம்பி மகளுக்குக் காது குத்து, எனக்கு இரண்டு நாள் ஆஃப் வேண்டும். லிஸ்ட் போடுவது அவர்தானே. இந்தக் குட்டச்சியின் வீரம் அவ்வளவுதானடி.

இப்போது கத்தரி சொன்னது. தம்பி உள்ளே சேலை எடுக்கப் போனபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அந்த நெட்டை எங்கே இருக்கா?" லண்டன் பக்கம் என்றேன், லீட்ஸ் என்றால் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவ கை நல்ல கை. தொட்டுப் பாத்தே நரம்பைக் கண்டுபிடிப்பா. என் சர்வீஸ்ல அப்படி ஒரு கை நான் பாக்கலை." எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதை அப்போதே அவகிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர் என்றேன். "எனக்கு யாரு சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவர் சேர்ந்த காலத்தில் மேட்ரன் ரவுண்ட்ஸ் வந்தால் பெட்ஷீட் மடிப்பு சரியில்லை என்று மொத்த வார்டையும் உருவிப் போட்டு, மறுபடி பத்து நிமிஷத்தில் போடச் சொல்வாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார். கத்தரி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போகும்போது, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே" என்றார்.

சொல்லிவிட்டேன். பத்தில் ஒன்று.

நீ இதைப் படித்து அழுவாயா, கோபப்படுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலு நைட்டுக்கு அந்த ஒரு வாக்கியம் ஈடாகாது, அது எனக்கும் தெரியும். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். தம்பியிடம் கூலி மட்டும் வைத்து விலை போடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே.

எழுதி எழுதி விடிந்துவிட்டது. தெருவில் கழி ஊன்றிப் பாவு நீட்டத் தொடங்கிவிட்டார்கள், கஞ்சி வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. எட்டு மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து நான் ஹேண்டோவர் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி, படவேடு போய்த் திரும்பிய கூட்டத்தில் எத்தனை அட்மிஷன் வந்ததோ, நோட்டு ரொம்பியிருக்கும்.

உன் மகளுக்கு அரக்கில் மயில் பார்டர் கேட்டாயே, தம்பி பாவு ஏற்றிவிட்டான். தலைப்பு அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று உடனே சொல்லு. ஜக்கார்டு அட்டை கோத்துவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டான், அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான், கத்துவான்.

உன்,
குட்டச்சி